ஜன்னல் திண்டில் ஒரு டம்ளர்

ஜன்னல் திண்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. விளிம்பு வரைக்கும் தண்ணீர். மேலே சின்னத் தட்டு ஒன்றைப் போட்டு மூடியிருந்தார்கள். கட்டிலிலிருந்து ஜன்னல் நாலு எட்டுத் தூரம். அந்த நாலு எட்டை என் பெரியம்மா எடுத்து வைத்து இரண்டு வருடமாகிறது. முதியோர் இல்லத்தில் அவள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த டம்ளர்தான். புளி போட்டு விளக்கியது போலப் பளிச்சென்று இருந்தது. வெயில் அதில் பட்டு எதிர்ச் சுவரில் ஒரு வெளிச்ச வட்டம் ஆடிக்கொண்டிருந்தது. சுத்தபத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அரைமணி நேரம் பேசினேன். கொண்டுபோன வாழைப்பழத்தையும் பன்னையும் தலைமாட்டில் வைத்தேன். "நல்லாப் பாத்துக்கிறாகளா பெரியம்மா" என்று கேட்டேன். "நல்லாப் பாத்துக்கிறாகய்யா, ஒரு கொறையும் இல்ல" என்றாள். அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு காரியாபட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன். ஆவியூர் தாண்டும்போதுதான் அவளுடைய உதடு ஞாபகத்துக்கு வந்தது. பேசும்போது மேலுதடும் கீழுதடும் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. வாயோரத்தில் எச்சில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது. நாக்கு, கோடையில் வெடித்துக் கிடக்கும் எங்கள் கண்மாய்த் தரை மாதிரி இருந்தது. இத்தனையையும் நான் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டம்ளரையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குப் பதினைந்து கிலோமீட்டர் தேவைப்பட்டது. பஸ்ஸை நிறுத்தி இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இது நடந்து ஏழு மாதமாகிறது. யாரும் அவளை அடித்ததாகத் தெரியவில்லை. வைததையும் நான் கேட்டதில்லை. வேளைக்குச் சாப்பாடு வருகிறது. வாசலில் கோலம், மாடத்தில் விளக்கு, வராந்தாவில் பினாயில் வாசனை. கொடுமை என்ற சொல்லை அந்த இடத்தின் மேல் எப்படி வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல்லுக்கு ஒரு ஓங்கிய கை வேண்டும், ஒரு பூட்டிய கதவு வேண்டும், சினிமாவில் வருவது போல ஒரு கெட்டவர் வேண்டும். புறக்கணிப்பு என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது கலெக்டர் ஆபீஸ் நோட்டீஸில் வரும் சொல். எங்கள் பக்கத்தில் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. "கவனிப்பு இல்ல" என்பார்கள். "பாக்க ஆளில்ல" என்பார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்தவர்களைப் பற்றிப் பேசினால், "கொண்டுபோயி ஹோம்ல போட்டுட்டாக" என்பார்கள். போட்டுட்டாக. மூட்டையைப் போடுவது, விறகைப் போடுவது, விதையைப் போடுவது, எல்லாவற்றுக்கும் அதே வினைதான். பெரியம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் மட்டும் எப்போதும் "சேத்துவிட்டிருக்கோம்" என்று திருத்திச் சொல்வான், பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுபோல. அவன் சொல்வதில் பொய் இல்லை. சேர்த்த அன்றைக்கு என்னைவிட அதிகமாக அழுதவன் அவன்.

எங்கள் சொந்தத்தில் ஓய்வுபெற்ற நர்சு அக்கா ஒருவர் இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். டம்ளரைப் பற்றிச் சொன்னதும் அவர் ஆச்சரியப்படவே இல்லை. "முதுகைத் திருப்பிப் பாத்தியா" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. "குதிகாலை?" இல்லை. படுக்கையிலேயே கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதலில் சிவப்பது இடுப்புக்குக் கீழே வால் எலும்பு இருக்கும் இடம்தானாம், அப்புறம் குதிகால், இடுப்பின் பக்கவாடு. போர்வையைத் தூக்கிப் பார்க்காமல் அது தெரியாது. மேல்கையின் உட்புறத்தில் நாலு விரல் பதிந்த மாதிரிக் கன்றியிருந்தால், யாரோ அவசரத்தில் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். கீழே விழுந்த காயம் அந்த இடத்தில் அப்படி வராது. பகல் பதினொரு மணிக்கு எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், என்ன மாத்திரை, யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். வயதாக ஆகத் தாகமே மங்கிப்போகும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாம்தான் நேரம் வைத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பேச்சு குழறும், ஆள் அடையாளம் தப்பும், வீட்டுக்காரர்கள் அதை வயசுக்கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள். நகத்தைப் பார். கட்டியிருக்கும் சேலை அவளுடையதா என்று பார். இத்தனையும் சொல்லிவிட்டு அக்கா கடைசியாக ஒன்று கேட்டார்: "நல்லாருக்கேன்னு சொல்றதுக்கு முன்னாடி அவ கண்ணு எங்க போச்சு?" எனக்கு ஞாபகம் இருந்தது. வாசலுக்குப் போனது. அங்கே இல்லத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வாளியோடு நின்றிருந்தாள். கண் போனதைப் பார்த்தபோது, யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

வயதானவர்களுக்கு நடக்கும் இந்தச் சங்கதிக்கு மருத்துவ உலகம் ஒரு பெயர் வைத்தே ஐம்பது வருடம்தான் ஆகிறது. 1975ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஜி.ஆர். பர்ஸ்டன் என்ற மருத்துவர் ஒரு சின்னக் கடிதம் எழுதினார், பாட்டிமார்கள் அடிக்கப்படுகிறார்கள் என்று. குழந்தைகளின் உடலில் வரும் காயங்களைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிவிட்ட மருத்துவர்கள் கிழவிகளின் காயங்களை ஏன் அப்படிப் பார்ப்பதில்லை என்பது அந்தக் கடிதத்துக்குள் இருந்த கேள்வி. அதற்கு முன்னும் காயங்கள் இருந்திருக்கும். கிழவி விழுந்துவிட்டாள் என்று எழுதி மருந்து தடவி அனுப்பியிருப்பார்கள். பெயர் வந்த பிறகுதான் கண் திறந்தது என்று இதைப் படிக்கையில் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் மாவட்டத்தை நினைத்துக்கொண்டால் அது நிற்கவில்லை. எங்களிடம் பெயர் இருந்தது. ரொம்ப காலமாகவே இருந்தது. அந்தப் பெயர் எங்கள் கண்ணைத் திறக்கவில்லை.

தலைக்கு ஊத்துறது என்பது எங்கள் ஊரில் தினசரிப் பேச்சு. வெள்ளிக்கிழமை பெண்பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊத்துவார்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாள் பார்த்துத் தலைக்கு ஊத்துவார்கள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணி ஊத்துவார்கள். எனக்கு எட்டு வயதில் சின்னம்மை போட்டது. என் அம்மா அப்போது பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தாள். பெரியம்மாதான் என்னை வேப்பிலையில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள். மூன்றாம் தண்ணி ஊற்றிய நாள் இன்னும் உடம்பில் இருக்கிறது. முற்றத்தில் வெயில் ஏற ஏற அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் மிதந்துகொண்டிருந்தன. புறங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். முதல் செம்பை என் காலில் ஊற்றினாள், அடுத்ததை முழங்காலில், பிறகு தோளில், கடைசியில்தான் தலையில். ஒரேயடியாகத் தலையில் ஊற்றினால் பயந்துபோவேனாம். பொருக்குத் தட்டிய இடங்களில் அவள் உள்ளங்கை பட்டும் படாமல் இறங்கியது. தீப்பெட்டிக்குப் பசை தடவித் தடவிக் காய்த்துப்போன கை அது. தெருவில் பாதி வீடுகளில் அன்றைக்குத் தீப்பெட்டி ஒட்டினார்கள். கை அத்தனை சொரசொரப்பாக இருந்தும் எனக்கு வலிக்கவில்லை. அன்பு என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவு வருவது அந்தச் செம்பு காலிலிருந்து தலைக்கு ஏறிய வரிசைதான்.

அதே வார்த்தைதான் தலைக்கூத்தல் என்று ஆனது. கிடையில் விழுந்து எழாதவர்களுக்கு விடிகாலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த தண்ணீரில் தலைக்கு ஊற்றுவார்கள். பிறகு எளநி. ஒன்று, இரண்டு அல்ல. ஓரிரு நாளில் காய்ச்சலோ சளியோ ஜன்னியோ வந்து, அல்லது சிறுநீரகம் நின்று, உயிர் போகும். மண்ணாசையில் சீவன் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவதும், மூக்கைப் பிடித்துப் பால் ஊற்றுவதும்கூட உண்டு. 2010ல் இந்த மாவட்டத்துப் பெரியவர் ஒருவர், தனக்கு இப்படிச் செய்ய வீட்டில் பேசிக்கொண்டதைக் காதில் கேட்டுவிட்டு வீட்டைவிட்டு ஓடிச் சொந்தக்காரர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் வந்தன, வெளிநாட்டுக்காரர்கள்கூட எழுதினார்கள். பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்', மதுமிதாவின் 'கேடி என்கிற கருப்புதுரை', ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'தலைக்கூத்தல்' என்று படங்கள் வந்தன. படம் பார்த்த வெளியூர் நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள், உங்க ஊர்ல நெசமாவே இப்படியா என்று. நான் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லிவந்திருக்கிறேன்: கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை.

அந்தப் பதில் உண்மையா என்பதுதான் இந்த ஏழு மாதமாக என்னை அரிக்கிறது. என் அப்பாவைப் பெற்ற அப்பத்தா இறந்தபோது எனக்குப் பத்து வயது இருக்கும். அவள் மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில் பல மாதம் கிடந்தாள். ஒருநாள் விடிவதற்கு முன்னால் நான் ஒன்றுக்குப் போக எழுந்தேன். முற்றத்தில் அரிக்கேன் வெளிச்சம். எண்ணெய் வாசனை. பெண்கள் நாலைந்து பேர் பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திண்ணையோரம் ஒரு குலை எளநி கிடந்தது. எங்கள் ஊரில் தென்னை கிடையாது, கரிசலில் பருத்தியும் மிளகாயும் கம்பும்தான். அந்தக் குலை எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். யாரோ என்னைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அன்றைக்கு அப்பத்தா முகம் மஞ்சள் பூசி ரொம்ப அழகாக இருந்தது. சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் இறந்தாள். வயசாகிப்போச்சு, நல்ல சாவு என்றார்கள். அது சாதாரணக் குளியலாகவும் இருக்கலாம். எளநி வயிற்றுச் சூட்டுக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். அப்படி நினைக்கவே எனக்கு ஆசை. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நாலைந்து பேரில் ஒருத்தி பெரியம்மா. என்னைப் பிடித்து உள்ளே கொண்டுபோன கை சொரசொரப்பாக இருந்தது என்று ஒரு நினைவு இருக்கிறது. அது பிற்பாடு நானே சேர்த்துக்கொண்டதோ என்னவோ.

எனக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. தெரிந்தும் தெரியாமல் இருப்பது ஒரு பழக்கம், அதைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்ள முடியும், நான் கற்றுக்கொண்டேன். எளநிக் குலையைப் பார்த்தவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. வீட்டின் காற்றே அப்படி இருந்தது. வந்து பார்த்துவிட்டுப் போன சொந்தக்காரர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். "ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்" என்று சொல்லிக் கிளம்பியிருப்பார்கள். நம்முடைய பேச்சில் பாத்துக்கிறது என்றால் பராமரிப்பது, பாத்துட்டு வர்றது என்றால் கடமையைக் கழிப்பது. இரண்டிலும் கண் இருக்கிறது. நான் மாதம் ஒருமுறை பெரியம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். பழமும் பன்னும் கொண்டுபோகிறேன். நல்லாப் பாத்துக்கிறாகளா என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. இல்லை என்று அவள் சொன்னால் நான் என்ன செய்வேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். என் வீடு இரண்டு அறை. என் மனைவியும் வேலைக்குப் போகிறாள். பெரியம்மா "ஒரு கொறையும் இல்ல" என்று சொல்வது எனக்காகத்தான்.

வீட்டில் வைத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் பக்கத்துக் காலைப்பொழுதைப் பார்த்ததில்லை. சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஆறு மணி தாண்டினால் பட்டாசு ஆலை வண்டிகள் வந்துவிடும். ஏழு, ஏழரைக்கெல்லாம் தெருவில் நடமாடக்கூடியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். காரியாபட்டிப் பக்கத்தில் மில் வண்டி, நூறு நாள் வேலை, மதுரைக்குக் கட்டிட வேலை. ஒரு சொந்தக்காரப் பெண் வீட்டில் நானே பார்த்தது இது. மாமியாருக்கு மூத்திரத் துணி மாற்றி, ரெண்டு இட்லியைப் பிசைந்து ஊட்டி, தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்துவிட்டு, நாயோ ஆடோ நுழைந்துவிடாமல் வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடுவாள். சாயங்காலம் வரும்போது அலுமினியப் பவுடர் படிந்து கையெல்லாம் வெள்ளியாக மின்னும். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் கிழவியைத் தொடுவாள். பத்து மணி நேரம் ஒரு கிழவி பூட்டிய வீட்டுக்குள் தனியாகக் கிடக்கிறாள். சட்டத்தின் வார்த்தைகளை வைத்துப் பார்த்தால் அதற்கு ஒரு பெயர் கிடைக்கும். அந்த மருமகள் இரண்டு தடவை கை கழுவுவதற்கு எந்தச் சட்டத்திலும் பெயர் கிடையாது. கிழவிக்கு அப்போது வந்த உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஒருத்தி வேலையை விட்டுவிட்டு உடன் இருக்க அது எத்தனை நாளைக்குக் காணும்?

முதியோர் இல்லங்களில் நடக்கும் அக்கிரமம் என்று தமிழ்நாடு பேசியது இரண்டு தடவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு காப்பகத்தின் வண்டியில், ஒரு பிணத்தோடும் காய்கறி மூட்டைகளோடும் உயிருள்ள மூதாட்டி ஒருவரையும் ஏற்றிச் சென்றார்கள். அவர் கத்திய கத்தலில்தான் ஊர்க்காரர்கள் வண்டியை மறித்தார்கள். காப்பகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது, அதிகாரிகள் அங்கிருந்தவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்புஜோதி ஆசிரமம். அங்கே சேர்த்துவிட்ட முதியவர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று உறவினர் கேட்டபோது ஆளைக் காட்ட முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். சோதனைக்குப் போனபோது மற்றவை வெளியே வந்தன. நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்களை மீட்டார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இந்த இரண்டையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். ஒன்றில் ஒரு கிழவிக்குக் கத்துவதற்குத் தெம்பு இருந்தது. இன்னொன்றில் சேர்த்துவிட்டுப் போனவர் திரும்பி வந்து, ஆள் எங்கே என்று கேட்டு, கிடைத்த பதிலை ஏற்காமல் நின்றார். இரண்டும் இல்லாத கட்டில்கள் எத்தனை இருக்கும்? இந்தச் செய்திகள் எனக்கு இன்னொரு கெடுதலும் செய்தன. கொடுமை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. பெரியம்மா இருக்கும் இடம் அப்படி இல்லை என்ற நிம்மதியோடு நான் போய் வந்துகொண்டிருந்தேன்.

முதியோர் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மூத்த குடிமக்களை அடியோடு கைவிடும் நோக்கத்தில் எங்காவது விட்டுவிட்டுப் போனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிள்ளைகள் பணம் கொடுக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம், எங்களுக்கு அருப்புக்கோட்டை. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது, 150 பேருக்குக் குறையாமல், அரசு அமைக்கலாம் என்றும் இருக்கிறது. பராமரிப்பு இல்லங்கள் எந்தத் தரத்தில் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் சேர்த்து ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. 14567 என்று முதியோருக்கான உதவி எண் இருக்கிறது. அதை ஒருநாள் இரவு போனில் அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. டம்ளர் தூரமாக இருக்கிறது என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் என்ன எழுதிக்கொள்வார் என்று தோன்றியது. இப்போது நினைத்தால், சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் எழுதிக்கொண்டிருப்பார்கள். எழுதத் தயங்கியது நான்தான்.

போன மாதத்துக்கு முந்தின மாதம், வாளியோடு நின்ற அந்தப் பெண்ணிடம் வராந்தாவில் பேசினேன். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளத்தது. பட்டாசு ஆலையில் மணிமருந்துச் செட்டில் இருந்தவளாம், விபத்துக்குப் பிறகு வீட்டில் அந்த வேலைக்கு விடவில்லை. நான் சண்டைக்கு வந்ததாக நினைத்து முதலில் ஒதுங்கினாள். தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்: "ராத்திரிக்கு நான் ஒருத்திதாண்ணே. ஆறு மணிக்கு மேல தண்ணி குடுத்தா விடிய விடியத் துணி மாத்தணும். ஈரத்துலயே கெடந்தா புண்ணு வந்துரும், அதுக்கும் என்னியத்தான் வைவாக. பக்கத்துல வச்சா அவுகளா எடுத்துக் குடிச்சிருவாக. அதான் சன்னல்ல வைக்கிறது." பகலிலும் ஏன் அங்கேயே இருக்கிறது என்று கேட்டதற்கு, அப்படியே பழகிவிட்டது என்றாள். அவள் குரலில் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. போன வாரம் இறந்துபோன ஒரு தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கினாள். காப்பகங்களில் வேலை பார்ப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், கடந்த ஒரு வருடத்தில் தாங்களே முதியவர்களிடம் ஏதோ ஒரு வகையில் முறைகேடாக நடந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் எழுதியிருக்கிறது. முதலில் அதைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இவளைப் பார்த்த பிறகு அந்த எண்ணிக்கை ஒரு முகமாகிவிட்டது, ஆலை நெருப்பில் வெந்த ஒரு கையாகிவிட்டது. ஆனால் அவள் நல்லவள் என்பதால் பெரியம்மாவின் நாக்கு ஈரமாகிவிடவில்லை. இந்த இரண்டையும் ஒன்றையொன்று அழித்துவிடாமல் மனதில் வைத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அப்பத்தாவின் முற்றத்தில் நின்ற பெண்களும் இப்படித்தான் இருந்திருப்பார்களோ, வேலை முடிந்து போய் மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பார்களோ என்று நினைக்கிறேன். அழுதிருந்தாலும் எளநி எளநிதான்.

நிர்வாகத்தில் இருப்பவரிடம் பேசினேன், இரவுக்கு இன்னொரு ஆள் போடச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பெரியம்மாவின் மகனுக்குப் போன் பண்ணினேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கயும் வேணாம்னா எங்கண்ணே கொண்டுபோறது" என்றான். என்னிடம் பதில் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை போனபோது மணி பத்தரை. டம்ளர் திண்டில் இருந்தது. இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. வலது குதிகால் செவ்வரளிப் பூ நிறத்தில் இருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைப் பார்த்தேன். பிறகு டம்ளரை எடுத்துவந்து, தலைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி, வாயில் வைத்தேன். முதலில் அவள் கண் வாசலுக்குப் போய் வந்தது. அப்புறம் குடித்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூஜாவிலிருந்து மறுபடி ஊற்றினேன், குடித்தாள். மூன்றாவது டம்ளரில் பாதி. கழுத்து வழியே வழிந்ததை என் துண்டால் துடைத்தேன். காலிலிருந்து தலை வரைக்கும் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அப்பத்தாவைப் பற்றி அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. கேட்க வாய் வந்தது. மூச்சு வாங்கி முடித்ததும் அவளே மெதுவாகப் பேசினாள்.

"எடுத்த எடத்துலயே வச்சிரு ராசா. அந்தப் புள்ள வந்தா கோவிக்கும்."